தவமணி அண்ணனின் வலது கை

போன ஞாயிற்றுக்கிழமை ஆனையூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் தவமணி அண்ணன் உட்கார்ந்திருந்தார். இலையில் சாதம் விழுந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். இடது கையால் சாப்பிட ஆரம்பித்தார்.

என் பக்கத்தில் இருந்தவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் போலிருக்கிறது. என் காதோரம் குனிந்தார்.

"அவரு ஏன் எடது கைல சாப்புடுறாரு?"

"ஆக்சிடென்ட்" என்றேன்.

"அடப் பாவமே. பஸ்ஸா?"

"இல்ல. மெஷின்."

அவர் 'ச்சு' கொட்டிவிட்டு அப்பளத்தை நொறுக்கப் போய்விட்டார்.

ஆக்சிடென்ட்... பத்து வருஷமாக யார் கேட்டாலும் இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் சமாளித்து வருகிறேன். வாராவாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் ஊரில் உள்ளவர்கள் செய்கிற தப்பையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பவர், கரண்ட் பில் கியூவில் நடுவில் நுழைபவர், கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் விடாதவர் – யாரைத்தான் விட்டேன்? ஒரே ஒரு ஆளைத்தான் விட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிற ஆளை.

தவமணி அண்ணனுக்குச் சொந்த ஊர் கீழக்குயில்குடி. வயல்காட்டுக் குடும்பம். அவர் மட்டும் மண்ணை விட்டு மரத்துக்கு வந்தார். கோச்சடையில் சின்னதாக ஒரு மரப்பட்டறை. கதவு, ஜன்னல், கட்டில், புத்தக அலமாரி – எது கேட்டாலும் செய்வார். என் வீட்டுக்கு ஒரு மேஜை செய்து கொடுத்ததில் பழக்கம். அவர் என்னை 'அண்ணே' என்பார், நான் அவரை 'அண்ணே' என்பேன். மதுரையில் யார் யாருக்கு அண்ணன் என்பதை பர்த் சர்ட்டிபிகேட் பார்த்தா முடிவு செய்கிறோம்?

பட்டறையின் நடுவில் ஒரு மெஷின் இருந்தது. இரும்பு மேஜை. மேஜையின் நடுவில் ஒரு வெட்டு. அந்த வெட்டு வழியாக வட்ட ரம்பத்தின் பல்வரிசை பாதி மட்டும் மேலே தெரியும். கீழே மோட்டார். பலகையைக் கையால் தள்ளிக்கொண்டு போனால் ரம்பம் நீளவாக்கில் அறுத்துக் கொடுத்துவிடும். ரம்பத்தின் மேல் கவிழ்ந்தாற்போல ஒரு மூடி இருக்க வேண்டும். கை தவறினாலும் பல்லில் படாமல் இருக்க.

அந்த மூடி மூலையில் கிடந்தது. ஒல்லியான ரீப்பர் சட்டம் அறுக்கும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று ஒரு நாளைக்காகக் கழற்றினாராம். அந்த 'ஒரு நாள்' எட்டு மாதமாக நீண்டுகொண்டிருந்தது. பலகையின் கடைசித் துண்டைத் தள்ளுவதற்குக் கைக்குப் பதில் ஒரு குச்சியைப் பயன்படுத்த வேண்டும். அதுவும் எங்கோ சுவரோரம் சாய்ந்து நின்றது.

நான் இதையெல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? ரசித்தேன்.

ரசித்ததோடு விட்டேனா? இதே பக்கத்தில் எழுதினேன். கோச்சடையில் ஒரு தச்சர் இருக்கிறார், மரம் அவர் கையில் வெண்ணெய், என்னோடு பேசிக்கொண்டே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அறுக்கிறார், ரம்பம் அவருக்கு வளர்த்த நாய்க்குட்டி மாதிரி... இப்படி ஒரு பக்கம். அப்போது உங்களில் பலர் படித்துவிட்டுக் கடிதம் போட்டீர்கள். 'அருமை' என்று.

பத்திரிகை கைக்கு வந்த அன்று காலை பதினொரு மணி இருக்கும். மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். அவரிடம் முதல் ஆளாக நான்தான் காட்ட வேண்டும் என்கிற அவசரம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து ஒரு ரீப்பரைத் தள்ளிக்கொண்டிருந்தார். பட்டறையில் வேறு யாரும் இல்லை.

ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். அந்த ரீப்பர் முடிய ஒரு நிமிஷம்கூட ஆகாது.

நான் நிற்கவில்லை. வாசலில் இருந்தே, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினேன் – "தவமணி அண்ணே... உங்களப் பத்தி வந்துருக்கு."

அவர் திரும்பினார். சிரிக்கக்கூட ஆரம்பித்தார். முகம் சிரிப்புக்குத் தயாரானதைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சத்தம் மாறியது. மரம் அறுபடுகிற சத்தத்துக்கு நடுவில் ஒரு சின்ன இடறல். அவ்வளவுதான். அவர் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நிதானமாகப் பார்த்தார்... யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல. பிறகு இடது கையால் ஸ்விட்சை அணைத்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"அண்ணே, துண்டு இருக்கா?" என்று கேட்டார்.

ஆட்டோவில் போகும்போது அவர் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். துண்டு நனைந்து என் சட்டையும் நனைந்தது. ஆள்காட்டி விரல் பாதியில் போயிருந்தது. நடுவிரலும் முக்கால்வாசி இல்லை. கட்டை விரல் இருந்தது, ஆனால் மடங்கவில்லை. துண்டான விரல்களை எடுத்து வர வேண்டும் என்று எனக்கு எப்படியோ தோன்றியிருந்தது. பக்கத்து ஜூஸ் கடையில் ஒரு டம்ளர் நிறைய ஐஸ் வாங்கி அதில் போட்டுக் கொண்டுபோனேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு.

டாக்டர் டம்ளரைப் பார்த்தார்.

"ஐஸ்ல நேராப் போட்டீங்களா?"

"ஆமா டாக்டர்."

"நேராப் போடக் கூடாது. சுத்தமான துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு, அந்தப் பையத்தான் ஐஸ்ல வைக்கணும். இல்லன்னா சதை கெட்டுப்போயிரும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எப்படியும் இதை ஒட்ட வச்சிருக்க முடியாது. ரம்பம் ரொம்ப சேதம் பண்ணியிருக்கு" என்றார்.

இரண்டாவது வாக்கியம் உண்மையா, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னதா? இன்று வரை எனக்குத் தெரியாது.

அறுந்த நரம்பைத் தைத்துக் கட்டை விரலைக் காப்பாற்றினார்கள். இரண்டு விரல் போனது போனதுதான்.

தவமணி அண்ணனின் மனைவி பாக்கியம் ஒரு நர்சரி பள்ளியில் ஆயா வேலை பார்த்தார். காலை எட்டு மணிக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி நேரம் பத்து மணி. யார் கூட்டிக்கொண்டு போவது? நான் போனேன். வாரத்தில் நான்கு நாள், ஐந்து மாதம். ஊரெல்லாம் என்னை மெச்சியது. சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்யமாட்டான் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிசியோதெரபிஸ்ட் ஹேமலதா என்று ஒரு பெண். போனில் அம்மாவிடம் சௌராஷ்டிர மொழியில் சண்டை போட்டுக்கொண்டே, எங்களிடம் மதுரைத் தமிழில் அதட்டுவார். உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுக்கச் சொல்வார். வெதுவெதுப்பு அடங்குவதற்குள் விரல்களை மடக்க வைப்பார். பிறகு ஒரு தட்டில் கோலிக்குண்டு. ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட வேண்டும்.

ஆறடி நீளத் தேக்குச் சட்டத்தைத் தோளில் தூக்கி வந்தவர். ஒரு கோலிக்குண்டை எடுக்க முடியாமல் நெற்றி வேர்க்க உட்கார்ந்திருப்பார். அது நழுவி உருண்டு மேஜைக்கு அடியில் போய்விடும். நான் குனிந்து எடுத்துக் கொடுப்பேன். மறுபடி நழுவும்.

"எடுத்துக் குடுக்காதீங்க சார்" என்பார் ஹேமலதா. "அவரே குனிஞ்சு எடுக்கட்டும்."

வெட்டுப்பட்ட நுனியில் காற்று பட்டாலே சுள்ளென்று இருக்கும் அவருக்கு. அதைப் பழக்குவதற்கு முதலில் பஞ்சு, பிறகு துணி, பிறகு ஒரு பாத்திரம் நிறைய அரிசி. கையை அரிசிக்குள் விட்டுத் துழாவ வேண்டும். முதல் நாள் உள்ளே விட்ட கையை உடனே உதறி எடுத்துவிட்டார். அரிசி தரையெங்கும் சிதறியது.

"இல்லாத வெரலு அரிக்குது தாயி" என்றார் ஒரு நாள் ஹேமலதாவிடம். "சொறியலாம்னு பாத்தா அங்க ஒண்ணும் இல்ல."

அந்தப் பெண் முதல் தடவையாக அதட்டாமல் அவரைப் பார்த்தார். "கொஞ்ச நாளைக்கு அப்டித்தான் இருக்கும்ணே. மூளைக்கு இன்னும் சேதி போய்ச் சேரல."

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். சாம்பார் சாதத்தைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக நமக்கு எத்தனை விரல் வேண்டும்? எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கட்டை விரலும் கடைசி இரண்டு விரலும் மட்டும் இருந்தால் சாதம் நடுவில் ஒழுகிவிடும். வேட்டியெல்லாம் சாம்பார். பாக்கியம் ஊட்டிவிட வந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். இடது கையால் சாப்பிடவும் மனசு ஒப்பவில்லை. பிள்ளைகள் பார்க்காதபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பாதி சாப்பிட்டு எழுந்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தெரியாமல் உள்ளே போய்விட்டேன். தட்டின் மேல் துண்டை இழுத்து மூடினார். ஒரு குற்றத்தை மறைப்பதுபோல.

நான் வெளியே வந்துவிட்டேன். பாக்கியம் பின்னாலேயே வந்தார்.

"அண்ணே, நீங்க மட்டும் அன்னைக்கு அங்க இல்லேன்னா அம்புட்டு ரத்தமும் போயி ஆளே போயிருப்பாரு. நல்ல நேரத்துல சாமி மாதிரி வந்தீங்க" என்றார்.

நல்ல நேரத்தில் வந்தேன். எவ்வளவு நல்ல நேரம்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் தெரபி முடிந்து ஆஸ்பத்திரிக்கு எதிரே டீ குடித்தோம். அவர் டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்திருந்தார். நான் ரோட்டைப் பார்த்தபடி சொன்னேன்.

"அண்ணே... அன்னைக்கு நாந்தான் உங்களக் கூப்புட்டேன்."

"தெரியும்" என்றார்.

ஒரு டவுன் பஸ் போனது. இன்னொன்றும் போனது.

"தெரிஞ்சும் ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"சொன்னா வெரலு மொளைக்கவா போகுது?"

"எம்மேல கோவம் இல்லையா?"

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"ஆஸ்பத்திரில படுத்துக் கெடக்கைல உங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கலண்ணே. நீங்க தெனமும் வந்தீங்க. இந்தாளு ஒரு நாளு வராம இருந்தா எம்புட்டு நல்லாருக்கும்னு நெனைப்பேன். சட்டைப் பட்டனப் போட முடியாம நிக்கிற அன்னைக்கெல்லாம் உங்க கொரலு கேக்கும்."

"இப்ப?"

"இப்பவும் சில நாளு கேக்கத்தான் செய்யுது."

பேசி என்ன ஆகப்போகிறது? பேச்சால் வந்ததுதானே அத்தனையும்.

"ஆனா ஒண்ணு" என்றார். "மூடியக் கழட்டி மூலையில போட்டது யாரு? நானு. குச்சிய எடுக்கச் சோம்பல்பட்டு கைய விட்டது யாரு? நானு. நீங்க கூப்புட்டாலும் மூடி இருந்திருந்தா பலகை கெட்டுருக்கும், அம்புட்டுத்தான். அம்புட்டுப் பழியையும் நீங்களே தூக்கிட்டுப் போயிராதீங்க. எனக்கும் அதுல பங்கு இருக்கு." பிறகு, கிளாஸை வைத்துவிட்டு, "பாக்கியத்துக்கிட்டச் சொல்லாதீங்க. அவளுக்கு நம்புறதுக்கு ஒரு ஆளு வேணும்" என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நானும் கவனித்தேன். இன்று வரை சொன்னதில்லை. கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆறாவது மாதம் பட்டறைக்குப் போனார். நானும் போனேன். ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் உறுமி வேகம் எடுத்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அணைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். மறுநாளும் அதே. மூன்றாம் நாளும் அதே. இருபது வருஷமாகக் கேட்ட சத்தம்...

நான்காம் நாள் ஸ்விட்ச் பக்கமே போகவில்லை. மூலையில் கிடந்த மூடியை எடுத்துத் தூசி தட்டினார். நான்கு போல்ட். ஸ்பேனரைக் கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு முடுக்கினார். அது நழுவி விழும். குனிந்து எடுப்பார். நான் உதவிக்குப் போகவில்லை – ஹேமலதா சொல்லிக் கொடுத்திருந்தாரே. நான்கு போல்ட்டை முடுக்க ஒரு முழுக் காலை ஆனது. மூடி இல்லாமல் எட்டு மாதம் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு காலைக்கு வராது.

அதற்கு மறுநாள் ஒரே ஒரு பலகை அறுத்தார். மூடியோடு, குச்சியோடு. பிறகு அவர் அந்த மெஷினில் நிற்கவில்லை. வேலைக்கு இரண்டு பேரைப் போட்டார். இப்போது அளவு எடுப்பது, குறி போடுவது, பார்ட்டியிடம் பேசுவது மட்டும்தான் அவர் வேலை. இழைப்புளி பிடிக்க முடியாது. உளி பிடித்தால் சுற்றிவிடுகிறது. மார்கழிக் குளிரில் வெட்டுப்பட்ட இடம் எலும்பு வரைக்கும் குத்துமாம். ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "கதவு நல்லா வந்துருக்குன்னு பார்ட்டி சொல்றாங்கண்ணே. நல்லாத்தான் வந்துருக்கு. ஆனா என் கதவு இல்ல அது."

மெஷினைச் சுற்றித் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். ஓடும்போது யாரும் தாண்டக் கூடாது, யாரும் பேசக் கூடாது. வேலை செய்பவர்கள் அரைக்கைச் சட்டைதான் போட வேண்டும், மோதிரம், கைக்கயிறு கழற்றி வைக்க வேண்டும். பார்ட்டி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வாசல் பெஞ்சில்தான் காத்திருக்க வேண்டும். ஒரு முறை யாரோ ஒரு ஆபீசர் கோபித்துக்கொண்டு ஆர்டரையே கேன்சல் செய்துவிட்டுப் போனார். அண்ணன் அசையவில்லை.

இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ தடவை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் நின்ற பிறகும் உடனே எழுந்து போனதில்லை. அவராகக் கூப்பிடட்டும் என்று இருப்பேன். சில நாள் கூப்பிடுவார். சில நாள் நேரம் எடுத்துக்கொள்வார்.

கல்யாணப் பந்தி முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். இதை எழுத வேண்டும் என்றேன். எழுதினால் பாக்கியத்துக்குத் தெரிந்துவிடும், அதனால் அவரிடம் முதலில் நான் சொல்லியாக வேண்டும் என்றேன். அண்ணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பாக்கியம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். சொன்னேன். பத்து வருஷம் கழித்து, நின்றபடியே, நான்கைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்னதா அது? அவர் என்னைப் பார்க்கவில்லை. புருஷனின் கையைப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போனார். ரொம்ப நேரம் பாத்திரச் சத்தம்கூட இல்லை. கடைசியில் காபி கொண்டுவந்து வைத்தார். எப்போதும் 'குடிங்கண்ணே' என்பார். அன்றைக்குச் சொல்லவில்லை. நான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. எழுந்து 'போயிட்டு வாரேன்' என்று சொன்னபோது, தலையை மட்டும் அசைத்தார்.

இனிமேல் அந்த வீட்டில் எனக்கு என்ன இடம் என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். செய்யட்டும். அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

தவமணி அண்ணன் வாசல் வரை வந்தார்.

"எழுதுங்க. ஆனா என்னைய நல்லவன் வல்லவன்னு எழுதாதீங்க. போன தடவ எழுதுன மாதிரி எழுதாதீங்க. சோம்பல்பட்டு மூடியக் கழட்டி வச்சிருந்தான்னு எழுதுங்க. படிக்கிறவுகள்ல ஒருத்தராச்சும் எந்திரிச்சுப் போயி அதை மாட்டுவாக."

எழுதிவிட்டேன். அவர் சொல்லாத ஒன்றை மட்டும் நானாகச் சேர்க்கிறேன் – ஓடுகிற மெஷினில் நிற்பவரைக் கூப்பிடாதீர்கள். எவ்வளவு நல்ல செய்தியாக இருந்தாலும்.